செம்பருத்தி இலையில் ஓர் ஈப்புலி

செடிக்குத் தண்ணீர் விடும்போது இலைமேல் அரை விரற்கடை நீளத்தில் ஒரு சிலந்தி. ஆள் அரவம் கேட்டு ஓடி ஒளியாமல், நீங்கள் நகர நகர அதுவும் உடலைத் திருப்பி உங்களையே பார்க்கிறது என்றால், பெரும்பாலும் அது ஈப்புலிதான்.

உறுதிசெய்ய முகத்தைப் பார்த்தால் போதும். எட்டுக் கண்களில் நான்கு முகப்பில் வரிசையாக இருக்கும். நடுவிலுள்ள இரண்டும் மற்றவற்றைவிட மிகப் பெரியவை. இந்த முகம் சால்டிசிடே குடும்பத்துக்கே உரியது. 6,000-க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட, சிலந்திகளிலேயே மிகப் பெரிய குடும்பம் இது.

அந்தப் பெரிய கண்களைக் கொஞ்சம் நேரம் கவனியுங்கள். கருப்பாகத் தெரிந்த கண் சட்டென்று வெளிறும், மறுபடி கருக்கும். கண்ணின் வில்லை தலையோட்டோடு ஒட்டியது, அசையாது. அதன் பின்னால் நீண்ட குழாய் ஒன்று இருக்கிறது. குழாயின் கடைசியில் உள்ள விழித்திரையைத்தான் தசைகள் இப்படியும் அப்படியும் நகர்த்துகின்றன. விழித்திரை நான்கு அடுக்கு. ஓர் அடுக்கில் தெளிவாகவும் மற்றோர் அடுக்கில் மங்கலாகவும் விழும் பிம்பங்களைக் கொண்டே இரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அது கணக்கிடுகிறது. வீடுகளில் காணப்படும் ஹசாரியஸ் அடன்சோனி என்ற இனத்தை வைத்து ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் இதைக் காட்டினார்கள்: பச்சை ஒளியில் குறி தப்பாமல் பாய்ந்த சிலந்தி, சிவப்பு ஒளியில் இரைக்கு முன்னாலேயே விழுந்தது.

பாய்ச்சலுக்கு வெட்டுக்கிளிபோல் தடித்த தொடை இதற்குக் கிடையாது. உடலுக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தத்தைக் கூட்டி, மடங்கிய கால்களை ஒரே நொடியில் நீட்டிவிடுகிறது. பாயும் முன் இலையில் ஒரு நூலை ஒட்டிக்கொள்ளவும் மறப்பதில்லை. இரை பிடிக்க வலை பின்னுவதில்லை; ஓய்வுக்கும் முட்டைக்கும் மட்டும் சுருண்ட இலைக்குள் பட்டுப் பை கட்டும்.

எந்த இனம் என்று கேட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது. சுவரோடு ஒட்டித் தட்டையாக, சாம்பல் நிறத்தில் இருந்தால் மெனிமெரஸ் ஆக இருக்கலாம். வெளிர்மஞ்சள் வயிற்றில் நெடுக இரண்டு சிவப்புக் கோடுகள் ஓடினால் டெலமோனியா டிமிடியாட்டாவின் பெண். அதன் ஆணோ கருமையும் வெண்மையுமாக வேறொரு பூச்சிபோல் இருக்கும். இரண்டும் ஓரினம் என்றால் முதலில் யாரும் நம்பமாட்டார்கள். கழிப்பறை இருக்கைக்கு அடியில் ஒளிந்து ஆளைக் கொல்கிறது என்று இந்த அப்பாவியின் படத்தோடு ஒரு காலத்தில் மின்னஞ்சல்கள் சுற்றின. அத்தனையும் கட்டுக்கதை.

ஆகவே நிறத்தை நம்புவதற்கு முன் வாயருகே குட்டிக் கைகள்போல் இருக்கும் இரண்டு உறுப்புகளைப் பாருங்கள். நுனி உப்பியிருந்தால் வளர்ந்த ஆண். மெலிந்திருந்தால் பெண்ணாகவோ குஞ்சாகவோ இருக்கலாம். குஞ்சுக்கு வளர்ந்ததன் கோலம் பல சமயம் வந்திருக்காது. இனத்தை ஐயமறச் சொல்ல ஆணின் அந்த உறுப்பையோ பெண்ணின் வயிற்றடி இனப்பெருக்க உறுப்பையோ நுண்ணோக்கியில்தான் பார்க்க வேண்டும். குஞ்சின் படத்தை மட்டும் பார்த்து இனப்பெயரை அடித்துச் சொல்பவரை நான் அவ்வளவாக நம்புவதில்லை. முன்பக்கம், மேற்பக்கம் இரண்டிலிருந்தும் படம் இருந்தால் பேரினம் வரையாவது போகலாம்.

மாமரத்தில் இன்னொரு வேடதாரியும் உண்டு: மிர்மபிளாட்டா. முசுறு எறும்பின் அதே செம்பழுப்பு, அதே ஒடுங்கிய இடை. முன்னங்கால்களை உணர்கொம்புபோல் தூக்கி ஆட்டிக்கொண்டு நடக்கும். ஆணின் நீண்ட தாடைகளைப் பார்த்தால் ஓர் எறும்பு இன்னோர் எறும்பைத் தூக்கிப் போவதாகவே தோன்றும். இது குதிப்பதும் அபூர்வம். கால்களை எண்ண முடியாவிட்டால் கிளையை லேசாகத் தட்டுங்கள். சிலந்தியானால் நூலில் தொங்கும். பக்கத்தில் நிஜ முசுறுகள் இல்லாத கிளையாகப் பார்த்துத் தட்டுவது நல்லது.