அளவும் அச்சமும்

உடல்நலம் பேணுதல் அறிவுடைமை. உடல்நலத்தையே ஓயாது எண்ணி அஞ்சுதல் தானும் ஒரு நோய். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள எல்லை நுண்ணியது. முன்னர் வைத்தியர் கையில் மாத்திரம் இருந்த கருவிகள் இன்று வீட்டு மேசைக்கு வந்துவிட்டமையால் அவ்வெல்லை மேலும் நுண்ணியதாயிற்று. குருதியமுக்கத்தை அளக்கும் கருவியும், விரல்நுனித் துளியில் வெல்லத்தின் அளவைக் காட்டும் கருவியும் விலைக்குக் கிடைக்கின்றன. இவற்றால் விளையும் நன்மை பெரிது. ஆயின், அளக்கும் முறையையும் அளந்ததன் பொருளையும் அறியாதார்க்கு இவையே அச்சத்தின் வாயில்களாகின்றன.

நோயச்சம் புதியதன்று. பிரெஞ்சு நாடகாசிரியர் மொலியே தம் இறுதி நாடகத்தில், இல்லாத நோய்க்கு மருந்துண்ணும் ஒருவனை நகைப்புக்குரியவனாகப் படைத்தார். 1673 ஆம் ஆண்டில் அவ்வேடத்தைத் தாமே தாங்கி நடித்த அவர், நான்காம் முறை நடித்த இரவிலேயே மெய்யான நோயால் இறந்தார். அஞ்சுவோனுக்கும் நோய் வரும். ஆதலின் அவனை நகையாடி ஒதுக்குதல் தகாது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013 இல் வெளியிட்ட வகைப்பாடு, நோய் பற்றிய பதகளிப்பை உளநோய்களுள் ஒன்றாக வைத்து, அதனை இருவகையாகப் பிரிக்கின்றது. ஒருவகையினர் மீண்டும் மீண்டும் சோதனையை நாடுவர். மற்றையோர் அச்சத்தினாலேயே வைத்தியரை அணுகார்.

குருதியமுக்கத்தை எடுத்துக்கொள்வோம். 1896 இல் இத்தாலிய வைத்தியர் றீவா-றொச்சி மேற்கையைச் சுற்றிக் காற்றுப்பட்டி கட்டி அளக்கும் முறையை வகுத்தார். 1905 இல் உருசிய வைத்தியர் கொரொட்கோவ் நாடியின் ஒலியைக் கேட்டு மேலெண், கீழெண் இரண்டையும் அறியும் வழியைக் கண்டார். அளக்குமுன் அரைமணி நேரம் தேநீரையும் புகையையும் விலக்கல் வேண்டும். முதுகைச் சாய்த்து, கால்களை நிலத்தில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாதிருத்தல் வேண்டும். பட்டி இதயத்தின் மட்டத்தில் அமைதல் வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டி கட்டின் அளவு மிகுத்துக் காட்டும்.

இவற்றினும் பெரிய பிழை அச்சத்தால் வருவது. மிகுந்த எண்ணைக் கண்டவன் அஞ்சுகிறான்; அஞ்சியவுடன் அமுக்கம் உயர்கின்றது; உயர்ந்ததை மறுபடியும் அளந்து மேலும் அஞ்சுகிறான். எனவே ஓர் எண்ணைக் கொண்டு முடிவு செய்தல் ஆகாது. ஏழு நாள் காலையும் மாலையும் இருமுறை அளந்து, முதல்நாள் அளவுகளை நீக்கிச் சராசரி காணல் வேண்டும். வீட்டில் அளக்குமிடத்து 135/85 என்பதனைப் பல வழிகாட்டிகள் எல்லையாகக் கொள்கின்றன. ஆயினும் 180/120 ஐக் கடந்த அளவோடு நெஞ்சுவலியோ, மூச்சுத்திணறலோ, கைகால் சோர்வோ காணப்படின், சராசரிக்குக் காத்திராது உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

வெல்லத்தை அளப்பதிலும் இத்தகைய இடர்கள் உள. மாம்பழம் உரித்த விரலைக் கழுவாது குத்தினால், பழச்சாற்றின் இனிப்பும் சேர்ந்து அளவு பொய்யாக உயரும். கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. 2013 ஆம் ஆண்டின் அனைத்துலகத் தரவிதி நூற்றுக்கு 15 வரை வேறுபாட்டை அனுமதிக்கின்றது. 200 என்னும் மெய்யளவு 170 ஆகவோ 230 ஆகவோ தோன்றலாம். ஆதலின் நீரிழிவு உண்டென்று துணிதற்கு ஆய்வுகூடச் சோதனை வேண்டற்பாலது.

இனி, பிழையற்ற முறையிற் செய்த சோதனையும் ஏமாற்றக் கூடும். ஆயிரம் பேரில் 10 பேருக்கு ஒரு நோய் உண்டெனக் கொள்வோம். ஒரு சோதனை நோயுற்றோர் நூற்றுவரில் 90 பேரையும், நோயற்றோர் நூற்றுவரில் 95 பேரையும் சரியாகக் காட்டுவதாயின், நோயுற்ற பதின்மரில் 9 பேர் வெளிப்படுவர். நோயற்ற 990 பேரிலும் ஏறக்குறைய 50 பேர் நோயாளர் எனத் தவறாகக் காட்டப்படுவர். அஞ்சுவோர் 59 பேர். நோயுற்றோர் அவருள் 9 பேரே. அச்சோதனையையே, குறிகளை ஆராய்ந்து வைத்தியர் தெரிந்தெடுத்த ஆயிரவரிடத்து நடத்தினால் நிலை மாறும். அவருள் 500 பேர் நோயுற்றோராயின், 450 பேர் சரியாகவும் 25 பேரே தவறாகவும் காட்டப்படுவர். கருவி ஒன்றே; சோதிக்கப்படுவோர் வேறு. வைத்தியர் முதலிற் பல வினாக்களைக் கேட்பதன் காரணம் இதுவே.

மறுபுறத்தே பொய்யான ஆறுதலும் உண்டு. மருந்துண்பவர் ஒருவர், அளவு செம்மையாக இருத்தலைக் கண்டு மருந்தை நிறுத்துவாராயின், அச்செம்மை மருந்தின் பயன் என்பதனை மறந்தவராவர். இவர் அடையும் கேடு அஞ்சுவோர் அடையும் கேட்டினும் கொடியது. பக்கவாதமும் மாரடைப்பும் இவ்வழியே வரக்கூடும்.

திருக்குறள், மருந்து என்னும் அதிகாரத்தில், நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துக் காட்டுகின்றது. வீட்டுக் கருவியை இந்நான்காவது கூறாகிய உதவுவோனாகக் கொள்ளின் அது பெரிதும் பயன்படும். நாளும் அளவும் குறித்த ஏட்டை வைத்தியரிடம் காட்டுவோர், அவரது கணிப்புக்கு நல்ல துணை செய்கின்றனர். அக்கருவியையே மருத்துவனாகக் கொள்வோர்க்கு எஞ்சுவது ஓர் எண்ணும், அதனைச் சூழ்ந்த அச்சமுமேயாம்.