உங்களுக்குத் தெரியுமா? வெடிச் சத்தமே கேட்காத தீபாவளி!

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி பக்கம் உள்ள கூந்தன்குளத்தில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. காரணம், பறவைகள். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து இங்கே குளத்தில் இறங்கும். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்குள்ளேயே வந்து, வீட்டை ஒட்டிய மரங்களில் கூடு கட்டும். அடியில் முற்றமெல்லாம் வெள்ளை எச்சம், மீன் கவிச்சி, விடிய விடியக் குஞ்சுகளின் இரைச்சல். அப்படியும் மரத்தில் ஒரு கிளையைக்கூட வெட்ட மாட்டார்கள். பறவை வந்தால்தான் ஊர் செழிக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதில் கண்கண்ட பலனும் உண்டு: எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு அருமையான உரம். கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து, மீன் ஊட்டி வளர்த்தவர்களும் இவ்வூரில் உண்டு.

அரசு கூந்தன்குளத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது 1994-இல். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த அறிவிப்பு வந்தது 2022-இல். ஊர்க்காரர்களின் காவலோ அதற்கெல்லாம் வெகுகாலம் முந்தியது. முதல் மரியாதை அவர்களுக்கே உரியது.