வாரம் ஒரு பென்னி... பன்னிரண்டு பேர்!

கடனை அடைக்கச் சொன்ன ஒரு யோசனைதான், இன்று பல சபைகளில் நடக்கும் சிறு குழுக் கூட்டங்களுக்கு ஒரு முக்கிய முன்னோடி.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1739-ல் ஜான் வெஸ்லி 'நியூ ரூம்' என்ற ஜெபவீட்டைக் கட்டத் தொடங்கினார். கட்டடம் எழுந்தது, கடனும் ஏறியது. 1742 பிப்ரவரியில் அதைப் பற்றிப் பேசக் கூடினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார் கேப்டன் ஃபாய். அதுகூட முடியாத ஏழைகள் இருக்கிறார்களே என்று கேள்வி வந்தது. அப்படியானால் மிக ஏழைகளான 11 பேரைத் தன்னிடம் விடும்படியும், அவர்களால் முடியாததைத் தானே போட்டுவிடுவதாகவும் அவர் சொன்னார். மற்றவர்களும் அப்படியே பொறுப்பேற்றார்கள்.

வசூலுக்குப் போன இடத்தில்...

வாரா வாரம் வீடு வீடாகப் போனவர்களுக்கு, காசோடு வீட்டு நிலவரமும் தெரியவந்தது. ஒருவர் மனைவியோடு சண்டையில் இருந்தார், இன்னொருவர் குடித்திருந்தார். ஜனங்களைக் கவனிக்கத் தான் தேடிய வழி இதுதான் என்று வெஸ்லிக்குப் புரிந்தது.

ஆனால், வீட்டுக்குப் போவதில் சிக்கல் இருந்தது. வேலைக்காரர்களைப் பார்க்க எஜமானர்கள் விடவில்லை. மற்றவர்கள் இருக்கும்போது மனம்விட்டுப் பேசவும் முடியவில்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தால், இருவரையும் நேரில் வைத்துப் பேசினால்தான் உண்மை தெரிந்தது. அதனால் 12 பேரும் வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கூடினார்கள். இதுவே 'வகுப்புக் கூட்டம்'. பெண்களும் இவற்றை நடத்தினார்கள்.

சம்மதம் முக்கியம்

இதைவிட நெருக்கமான குழு, 'பேண்ட்'. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. இதற்கான விதிகளை வெஸ்லி 1738-லேயே எழுதியிருந்தார். உன் குறைகளை மற்றவர்கள் சொல்ல உனக்குச் சம்மதமா என்று கேட்ட பிறகே ஆளைச் சேர்ப்பார்கள். கூட்டத்தில் முதலில் ஒருவர் தன் நிலையைச் சொல்லுவார்; அதன் பிறகுதான் மற்றவர்களிடம் கேள்வி.

ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடச் சொல்லும் யாக்கோபு 5:16-ஐ நடைமுறைக்குக் கொண்டுவந்த வழி இது.

இன்று உங்கள் குழுவில்...

* பத்து, பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் இரண்டாகப் பிரியுங்கள்.
* தலைவர் முதலில் தன்னைப் பற்றிப் பேசட்டும். கேள்வி கேட்க மட்டும் தலைவர் என்றால், அது விசாரணை.
* யாரையும் வற்புறுத்திப் பேசவைக்காதீர்கள்.
* கேட்டது அங்கேயே நிற்கட்டும். 'ஜெபக் குறிப்பு' என்ற பெயரில் அடுத்தவர் கதை வாட்ஸ்அப்பில் போனால், பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.
* அடி, உதை, குழந்தைகளுக்குக் கொடுமை என்று தெரிந்தால் மட்டும் ரகசியம் காக்கக் கூடாது. ஜெபிப்பதோடு, தமிழ்நாட்டில் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற எண்களில் உதவி கேளுங்கள்.
* காணிக்கை தர முடியாதவர் கூச்சத்தில் வராமல் போகிறாரா என்று பாருங்கள். கேப்டன் ஃபாய் தொடங்கியது அவரிடமிருந்துதான்.