நூலுக்குத்தான் எடை

ஆழ்கடல் தூண்டில் – 11

சென்ற வாரம் லீடர் முடிச்சோடு நிறுத்தியிருந்தோம். அந்த முடிச்சுக்குக் கீழே தொங்கப்போகும் ஜிக், அதாவது மீனை ஏய்க்கும் உலோகத் துண்டு, எத்தனை கிராம் இருக்க வேண்டும்? ஜிக்கிங் பழகியவர்களிடம் இதற்குச் சுருக்கமான விடை உண்டு: ஆழத்தைச் சொல், எடையைச் சொல்கிறேன். அடிக்கு ஒரு கிராம் என்பது ஒரு கணக்கு. மீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் என்பது இன்னொரு கணக்கு. இரண்டையும் 100 மீட்டர் ஆழத்துக்குப் போட்டுப் பாருங்கள். முதல் கணக்கு சுமார் 330 கிராம் கேட்கிறது. இரண்டாவது 150 முதல் 200 கிராமுக்குள் முடிந்துவிடுகிறது. ஆழம் ஒன்றுதான், எடையோ ஏறக்குறைய இரண்டு மடங்கு வேறுபடுகிறது. இரண்டையும் நம்பி மீன் ஏற்றுகிறவர்கள் இருப்பதால் எதையும் பொய்யென்று தள்ள முடியாது. அப்படியென்றால் இரண்டு கணக்கும் வாய்விட்டுச் சொல்லாத ஏதோ ஒன்று எடையைத் தீர்மானிக்கிறது. நூலின் தடிமனும், அந்த நூலை நீர் எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறது என்பதும்தான் அந்த ஒன்று என்பது இந்த வாரத்து வாதம்.

எடை கூடினால் ஜிக் வேகமாக மூழ்கும் என்ற நம்பிக்கையிலிருந்தே தொடங்கலாம். அது உண்மைதான், ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. வடிவத்தை மாற்றாமல் ஈய ஜிக்கின் எடையை இரட்டிப்பாக்கினால் அதன் உடலும் பருத்துவிடுகிறது. நீர் அதைத் தடுக்கும் பரப்பும் கூடிவிடுகிறது. ஜிக் தன்னந்தனியாக மூழ்கும்போது, இருமடங்கு எடைக்குக் கிடைக்கும் கூடுதல் வேகம் சுமார் 12 சதவீதம் மட்டுமே. பிறகு ஏன் ஆழத்தில் கனமான ஜிக் தேவைப்படுகிறது? அது தனியாக மூழ்குவதில்லை என்பதால். பின்னல் நூலின் தடிமனைக் குறிக்கும் பி.ஈ. எண்ணில், பி.ஈ. 2 நூலின் விட்டம் ஏறக்குறைய 0.235 மில்லிமீட்டர். 200 மீட்டர் நூலை இறக்கினால் பக்கவாட்டில் வரும் நீருக்கு அது காட்டும் பரப்பு 470 சதுர சென்டிமீட்டர், அதாவது முக்கால் ஏ4 தாள். பி.ஈ. 4 என்றால் முழுத் தாளையும் தாண்டிவிடும். நுனியில் தொங்கும் 300 கிராம் ஜிக்கின் முகமோ ஓர் உள்ளங்கை அகலம்கூட வராது. கண்ணுக்கே தெரியாத அந்த நூல் கடலுக்குள் ஒரு பாய்போல விரிந்து நிற்கிறது. நாம் கட்டுகிற ஈயம் அந்தப் பாயை இழுத்துப் பிடிக்கத்தான்.

பாய் இருந்தால் மட்டும் போதாது, அதில் அடிப்பதற்கும் ஏதாவது வேண்டும். இங்கேதான் நீரோட்டத்தைப் பற்றிய பொதுவான பிழை நுழைகிறது. நம் கரைகளில் நீவாடு என்று சொல்லப்படும் ஓட்டம் எவ்வளவு வலுவாக இருந்தாலும், படகும் அதே வேகத்தில் கூடவே மிதந்து போனால் நூலுக்கு அது தெரியவே தெரியாது. தொல்லை தருவது ஓட்டத்துக்கும் படகுக்கும் இடையிலுள்ள வேக வித்தியாசம். ஜப்பானிய மீன்பிடிப் படகுகள் இதை நன்றாகப் புரிந்துவைத்திருக்கின்றன. பின்புறம் ஸ்பாங்கர் என்ற சிறிய பாயைக் கட்டி, அணியத்தைக் காற்றுக்கு எதிராக நிறுத்தி, எஞ்சினை மெல்ல இயக்கி, காற்று படகைத் தள்ளாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். நூல் செங்குத்தாக நிற்கிறது. அதே நாட்டில் டோடெரா என்ற இன்னொரு முறையும் உண்டு. படகைக் காற்றுக்குக் குறுக்கே விட்டுவிடுவார்கள். அது பக்கவாட்டில் தள்ளப்பட, நூல்கள் சரிந்து ஓடும். பரந்த இடத்தைத் துழாவலாம் என்பது அதன் ஆதாயம், கனமான ஜிக் வேண்டியிருப்பது அதன் விலை. ஆழம் மாறவில்லை, நூல் மாறவில்லை. படகை நிறுத்தும் விதம் மாறியதும் எடை மாறிவிட்டது. இதைவிட நேரான சான்று தேவையில்லை. கூடவே ஒன்று: நூலின் மேல் விழும் விசை ஆழத்தோடு நேராகக் கூடுகிறது, வேகத்தோடு அதன் வர்க்கமாகக் கூடுகிறது. ஆழம் இரட்டித்தால் விசை இரண்டு மடங்கு. வேக வித்தியாசம் இரட்டித்தால் நான்கு மடங்கு.

‘இத்தனை கணக்கு எதற்கு? எங்கள் துறையில் மீட்டருக்கு இரண்டு கிராம், வருஷக்கணக்காகச் சரியாகத்தானே வருகிறது’ என்று கேட்கலாம். வரும். ஏனென்றால் அந்தத் துறையில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே நூலைப் போடுகிறார்கள், ஒரே மாதிரிப் படகை ஒரே மாதிரி நிறுத்துகிறார்கள். நூலும் ஓட்டமும் அந்த இரண்டு கிராமுக்குள்ளேயே ஒளிந்திருக்கின்றன. வேறு துறைக்குப் போனாலோ காற்று திரும்பினாலோ கணக்கு கையை விரித்துவிடும். மேல்நீர் ஒரு பக்கமும் அடிநீர் இன்னொரு பக்கமும் ஓடுகிற நாளும் உண்டு. ஜப்பானியர் இதற்கு நிமாய்ஜியோ என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். அன்றைக்குப் படகு மேல்நீரோடு ஒத்துப்போனாலும் அடியில் நூல் வளைந்தே கிடக்கும். ஆகவே மனப்பாடக் கணக்கைவிட நூலிடமே கேட்பது நல்லது. பெரும்பாலான ஜிக்கிங் நூல்கள் 10 மீட்டருக்கு ஒரு முறை நிறம் மாறும். ஆழமானி 200 மீட்டர் காட்டும்போது 220 மீட்டர் நூல் போயிருந்தால், அதை நேர்கோடாகக் கொண்டால், சரிவு சுமார் 25 பாகை. 240 என்றால் 34 பாகை. ஜிக்கைச் சற்றுத் தூக்கி மறுபடி தரையைத் தொடவிடும் ஒவ்வொரு முறையும் நூல் கூடிக்கொண்டே போனால், எடை போதவில்லை என்று கடலே சொல்லிவிடுகிறது.

அடுத்த கேள்வி இன்னும் எளிது: சந்தேகம் வந்தால் கனமானதையே கட்டிவிட்டால் என்ன? ஜிக் கீழே போய்ச் சேர்வது பாதி வேலைதான். நோரிஹிரோ சாதோவின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் ஸ்லோ பிட்ச் முறையின் உயிரே விழுதலில் இருக்கிறது. கழி நிமிரும் விசையில் ஜிக் எழும்பி, பிடி தளர்ந்ததும் பக்கவாட்டில் படுத்து, அடிபட்ட சிறு மீனைப்போல அலைந்து விழ வேண்டும். மீன் கவ்வுவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். கழியின் தாங்குதிறனை மீறிய ஜிக் எழும்பாது, புரளாது. நூலோடு செங்கல்போல ஏறி இறங்கும். தூண்டில்காரரின் தோளும் நாள் முழுக்கத் தாங்காது. தரையை உணர முடிகிற எடைகளில் மிகக் குறைந்ததே சரியான எடை.

நூலை மெலிதாக்கச் சொல்வது ஆபத்தில்லையா என்பதுதான் கனமான மறுப்பு. பி.ஈ. 4-லிருந்து 2-க்கு இறங்கினால் தடிமன் 29 சதவீதம் குறைகிறது, நீரின் தள்ளுவிசையும் அதே அளவு குறைகிறது; ஆனால் நூலின் வலு ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. மணல் தரையில் இந்தப் பேரம் லாபம். பார்களுக்குள் பாய்ந்து ஓடும் பெரிய களவாவுக்கும் பாறை மீனுக்கும் முன்னால் நஷ்டம். அங்கே தடித்த நூலே போட்டு, அதற்கான ஈயத்தையும் சுமந்துதான் ஆக வேண்டும். இடையில் டங்ஸ்டன் ஒரு வழி. ஈயத்தின் அடர்த்தி 11.3, டங்ஸ்டனுக்கு 19.3. அதே எடை, அதே வடிவம், ஆனால் சிறிய உடல் என்பதால் சுமார் 20 சதவீதம் வேகமாக மூழ்கும். ஈயத்தை இரட்டித்தாலும் கிடைக்காத ஆதாயம் இது. விலை பல மடங்கு. சிறுத்த உடல் ஈயத்தைப்போல அலைந்து விழவும் செய்யாது. அதனால் எல்லா இடத்துக்கும் அது மருந்தில்லை.

ஆகவே பெட்டியைத் திறக்கும்போது கேள்விகளின் வரிசை மாற வேண்டும். எந்த மீன், எந்தத் தரை என்பது நூலைச் சொல்லும். படகு எப்படி நகர்கிறது என்பது அந்த நூல் படப்போகும் பாட்டைச் சொல்லும். ஆழம் அந்தப் பாட்டை நீளத்தால் பெருக்கும், அவ்வளவே. இவை மூன்றும் தெரிந்த பிறகு எடையைத் தேட வேண்டியதில்லை. இரண்டு மூன்று ஜிக்குகளுக்குள் அது தானாக வந்து நிற்கும். அந்த இரண்டு மூன்றில் நீளமானதா, இலைபோல அகன்றதா, அடிக்கனமானதா என்பதை அடுத்த வாரம் பிரித்துப் பார்ப்போம்.

(தொடரும்)