டெக்கானின் வயதுக்குக் கிடைத்த விலை

கர்நாடகத்திலுள்ள எங்கள் ஹனூரில் தமிழ் பேசும் வீடுகள் அதிகம். கொள்ளேகால் வட்டாரம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இருந்தது அல்லவா? அதனால் 'சூரரைப் போற்று' படத்தில் எங்களுக்கு இரட்டைச் சொந்தம். பேசுவது எங்கள் மொழி. கதைக்கு மூலமான கேப்டன் கோபிநாத், ஹாசன் மாவட்டம் கொரூரில் வளர்ந்தவர். படம் வெற்றியோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் நடந்ததைத்தான் சின்ன ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

2003 ஆகஸ்டில் கோபிநாத்தின் ஏர் டெக்கான் பறக்கத் தொடங்கியது. ஐம்பது பேர்கூட ஏற முடியாத ஏடிஆர் விமானங்கள். உள்ளே இலவசச் சாப்பாடு கிடையாது; டிக்கெட்டை இணையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். சிலருக்கு ஒரு ரூபாய்க்கும் டிக்கெட் கிடைத்தது. ஹூப்ளி, விஜயவாடா போன்ற ஊர்களை நம்பித் தொடங்கிய கம்பெனி, நான்கே ஆண்டுகளில் அறுபதுக்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் பறந்தது. செருப்புப் போட்டவரும் விமானம் ஏறலாம் என்று காட்டிய அந்தத் துணிச்சலை நான் இன்றும் மதிக்கிறேன்.

ஆனால் செலவுக்குக் கீழே டிக்கெட் விற்றுக்கொண்டே இவ்வளவு வேகமாக வளர்ந்தால் கையிருப்பு தாங்காது. நஷ்டம் ஏறியது. 2007இல் விஜய் மல்லையாவின் யுபி குழுமம் 550 கோடி ரூபாய்க்கு 26 சதவீதப் பங்கை வாங்கியது. உள்நாட்டில் ஐந்தாண்டு பறந்த நிறுவனம்தான் வெளிநாடு போகலாம் என்பது அன்றைய விதி. மல்லையாவின் கிங்ஃபிஷர் விமான நிறுவனம் தொடங்கியதோ 2005இல். டெக்கானோடு இணைந்ததால் அதன் வயது கிங்ஃபிஷருக்குக் கிடைத்தது. 2008 செப்டம்பரில் பெங்களூரிலிருந்து லண்டனுக்கு விமானம் கிளம்பியது. டெக்கான், 'கிங்ஃபிஷர் ரெட்' ஆனது. மலிவு டிக்கெட் இனி வேண்டாம் என்று 2011இல் அந்தப் பெயரையும் மூடினார்கள். அடுத்த ஆண்டு கிங்ஃபிஷரே தரையிறங்கிவிட்டது.

அந்த அடி எங்களுக்குப் பக்கத்திலுள்ள மைசூருக்கும் விழுந்தது. 2010இல் மண்டகள்ளி விமான நிலையத்திலிருந்து பெங்களூருக்குப் பறந்த கிங்ஃபிஷர், ஓராண்டுக்குச் சற்று மேல்தான் நீடித்தது. மூன்று மணி நேரத்தில் பஸ்ஸிலோ ரயிலிலோ போய்ச் சேரும் ஊருக்கு யார் விமானம் ஏறுவார்கள்? சென்னைதான் எங்களுக்குத் தேவை. 2017இல் அரசின் உடான் மானியத் திட்டத்தில் ட்ரூஜெட் அந்தத் தடத்தில் வந்தது. அதுவும் 2022இல் நின்றுபோனது.

மண்டகள்ளி ஓடுபாதை சுமார் 1,740 மீட்டர்தான். ஏடிஆரைவிடப் பெரிய பயணிகள் விமானம் அங்கே இறங்குவது கடினம். அதை நீட்ட வேண்டுமானால், குறுக்கே போகும் நஞ்சன்கூடு நெடுஞ்சாலையைச் சுரங்கப்பாதையாக்கவோ வேறு வழியில் திருப்பவோ வேண்டும். கம்பெனிகளுக்கு மூன்றாண்டு மானியம் கொடுப்பதைவிட, அரசு முதலில் கைவைக்க வேண்டியது அந்த வேலையில்தான்.