பற்றீரியாக் கலத்தில் ஆர். என். ஏ. சிதைவும் அதன் கட்டுப்பாடும்

சண்டிலிப்பாயிலும் அதனை அடுத்த வலிகாமத்துக் கிராமங்களிலும் கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே வளவினுள் அமைந்திருத்தல் வழமை. அடியிலுள்ள சுண்ணக்கல்லின் வெடிப்புக்களினூடே குழிநீர் கிணற்றை அடையுமிடத்து, குடலில் வாழும் எசரிக்கியா கோலை என்னும் பற்றீரியா குடிநீரிலும் இடம்பெறுகின்றது. உணவு மிகுந்த குடலிலிருந்து உணவு அருகிய நீருக்கு வந்த கலம், முன்னர் வேண்டியிருந்த புரதங்களையே தொடர்ந்து ஆக்குமாயின் சக்தி வீணாகும். அது தன்னை எவ்வாறு விரைந்து மாற்றிக்கொள்கின்றது என்பதை நாம் இங்கு நோக்குவோம்.

பரம்பரையலகின் செய்தியை இறைபோசோமுக்குக் கொண்டுசெல்லும் தூது ஆர். என். ஏ. 1961 இல் இனங்காணப்பட்டது. இக்கலத்தில் அதன் அரைவாழ்வுக்காலம் பெரும்பாலும் சில நிமிடங்களே. இலக்ரோசைச் செரிக்கும் நொதியத்துக்குரிய தூது ஏறத்தாழ இரண்டு நிமிடத்திற் பாதியாகிவிடுகின்றது. பாடநூல்கள் ஆக்கத்தை விரித்துரைத்துச் சிதைவை ஓரிரு வரியில் முடித்துவிடுவது பொருத்தமன்று. ஆக்கத்தை நிறுத்தினாலும், எஞ்சிய தூது அழியும்வரை பழைய புரதம் உருவாகிக்கொண்டேயிருக்கும்.

சிதைவைத் தொடக்குவது பெரும்பாலும் ஆர். என். ஏசு-ஈ என்னும் நொதியம். புதிதாக உருவான தூதின் முன்முனையில் மூன்று பொசுபேற்றுக்கள் உள. அவற்றுள் இரண்டை வேறொரு நொதியம் அகற்றியபின், ஒன்றே எஞ்சிய முனையை ஆர். என். ஏசு-ஈ எளிதிற் பற்றி இடையில் வெட்டும். துண்டுகளைப் பிற நொதியங்கள் பின்முனையிலிருந்து அரித்துத் தீர்க்கும். இறைபோசோம்கள் நெருங்கி ஊரும் தூது வெட்டுக்குத் தப்பும். அவை அருகியது விரைந்து அழியும். ஆகவே பயன்பாடே பாதுகாப்பாகவும் அமைகின்றது. இரும்பு அருகும்போது, இரும்பு வேண்டும் புரதங்களின் தூதுகளோடு ஒரு சிற்றார். என். ஏ. இணைந்து அவற்றை இந்நொதியத்திடம் ஒப்படைக்கின்றது. (மண்ணில் வாழும் பசிலசு சத்திலிசில் ஆர். என். ஏசு-ஈ இல்லை, அங்கு இப்பணியை ஆர். என். ஏசு-வை ஆற்றுகின்றது.)

அவ்வாறாயின் வெட்டுநொதியம் மிகுந்தால் அதனை அடக்குவது யாது? அந்நொதியமே. தன்னை ஆக்கும் தூதையும் அது வெட்டுகின்றது. அளவு கூடினால் அத்தூது விரைந்து சிதைய, நொதியத்தின் ஆக்கம் குறைகின்றது. அளவு குறைந்தால் தூது நீடிக்கின்றது. பிறவற்றை அழிக்கும் அதிகாரம் தன்னையும் அதே விதிக்கு உட்படுத்துவது இங்கு நாம் காணும் அருமை.

எசரிக்கியா கோலை வளர்வதற்கு இந்நொதியம் இன்றியமையாதது. மனிதக் கலங்களில் இது இல்லை. ஆதலின் இதனைத் தடுக்கும் மருந்தை ஆய்வாளர் தேடுகின்றனர். எனினும் அத்தகைய மருந்து எதுவும் இன்னும் வழக்கிற்கு வரவில்லை. சண்டிலிப்பாய்க் கிணற்று நீரைப் பொறுத்தவரை, கொதிக்கவைத்தலும் குளோரீன் இடுதலுமே இன்றும் கைவசமுள்ள வழிகள்.