கையும் கருவியும் – 9: வேகத்தைப் பொருள்தான் சொல்ல வேண்டும்

அந்தமானின் தலைநகரான போர்ட் பிளேயருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. அங்கே மீன்பிடித் துறையும் மீன் சந்தையும் உள்ள ஜங்லிகாட்டில் ஒரு வீட்டுக்குள் எத்தனை பொருட்கள் என்று எண்ணிப் பாருங்கள். கூரையில் துத்தநாகம் பூசிய தகரம். பழைய வீடென்றால் சட்டங்களில் படாக் மரம். குளியலறையில் டைல்ஸ், சுவரோரம் பி.வி.சி. குழாய், சன்னலில் அலுமினியம். தொழில் கடலென்றால் ஃபைபர் படகும் உண்டு. உப்புக்காற்றும் ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழையும் சேர்ந்து போல்ட், கீல், தாழ்ப்பாள் எதையும் விட்டுவைப்பதில்லை. துருவேறி இறுகிய போல்ட்டை ஸ்பானரால் அசைக்க முடியாதபோது கை தேடுவது ரோட்டரி டூலைத்தான்.

சென்ற வாரம் டிரில் மெஷினைப் பார்த்தோம். ரோட்டரி டூல் அதைவிடச் சிறியது, வேகத்திலோ பல மடங்கு. அமெரிக்காவின் ரஸீன் நகரில் 1932இல் ஆல்பர்ட் டிரெமெல் தொடங்கிய நிறுவனம்தான் இதை வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது. இதன் வேகம் பொதுவாக நிமிடத்துக்கு 5,000 முதல் 30,000 சுற்று வரை, சில மாடல்களில் அதற்கும் மேல். 38 மி.மீ. கட்டிங் டிஸ்க் 30,000 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 215 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. டிஸ்க் உடைந்தால் சில்லும் அதே வேகத்தில் பறக்கும். பக்கவாட்டிலும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் சுவிட்சைத் தொடக் கூடாது. டிஸ்க்கிலோ அதன் உறையிலோ குறித்திருக்கும் உச்ச வேகத்துக்கு மேல் மெஷினை ஓட்டவும் கூடாது.

ஒரே வேகத்தையும் ஒரே பிட்டையும் வைத்து எல்லாவற்றையும் வெட்டப் பார்ப்பதில்தான் பெரும்பாலான ஆபத்து தொடங்குகிறது. பொருளுக்குப் பொருள் கணக்கு மாறும்.

மரம்: படாக் கடினமான மரம். கார்பைடு பர் (பல் வைத்த பிட்) அல்லது ஹைஸ்பீடு ஸ்டீல் பிட் போட்டு, மெல்ல மெல்லச் சீவி எடுக்க வேண்டும். கரிந்த வாடை வந்தால் பிட் மழுங்கிவிட்டது, அல்லது ஒரே இடத்தில் நிற்கிறது. பிட் சுழலும் திசைக்கு எதிராகத் தள்ளுங்கள். அதன் போக்கிலேயே தள்ளினால் மரத்தின் மேல் ஏறி ஓடிவிடும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வகைப்படுத்தியது. முகக்கவசம் கட்டாயம்.

இரும்பு: நார் வலையிட்ட கட்டிங் டிஸ்க்கே நல்லது, வலை இல்லாத மெல்லிய டிஸ்க் சட்டென்று உடையும். டிஸ்க்கின் விளிம்பு மட்டுமே வெட்டுவதற்கானது. பக்கவாட்டில் சாய்த்தாலோ, வெட்டின் நடுவே திருப்பினாலோ சிதறும். பொறி பறக்கும் திசையில் நைலான் வலையோ பெட்ரோல் கேனோ இருக்கக் கூடாது. துறை ஓரத்து வீடுகளில் இவ்விரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் என்பதால் முதலில் அவற்றை அப்புறப்படுத்துங்கள்.

அலுமினியம்: மென்மையான உலோகம். இழுபட்டு டிஸ்க்கிலும் பல்லிலும் அப்பிக்கொள்ளும்; அடைத்த டிஸ்க் சூடேறி உடையும். அகலமான பல் கொண்ட கார்பைடு பர் போட்டு, கொஞ்சம் மெழுகு தடவினால் ஒட்டாது.

பி.வி.சி. குழாய்: வேகத்தைக் கூட்டினால் வெட்டுப்படாமல் உருகும். கருகினால் வரும் ஹைட்ரஜன் குளோரைடு புகை தொண்டையைத் தாக்கும். மிகக் குறைந்த வேகம், விட்டுவிட்டு வெட்டுவது, திறந்த சன்னல் மூன்றும் வேண்டும். நேராக வெட்டுவதற்கென்றால் ஹாக்ஸா பிளேடே போதும்.

டைல்ஸ்: வைர டிஸ்க் மட்டுமே. இதன் தூளில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கி நிரந்தரத் தீங்கு செய்யும். டைலை ஈரத்துணியால் நனைத்து நனைத்து வெட்டலாம். ஆனால் மெஷினுக்குள் தண்ணீர் போகக் கூடாது. மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்தாத இணைப்பில் ஈரவேலை வேண்டாம்.

ஃபைபர்: படகின் ஓட்டையை அடைக்கும் முன் ஓரத்தைத் தேய்க்கும்போது கண்ணாடி நார் தூளாகிறது. தோலில் அரிப்பு, கண்ணில் உறுத்தல். முழுக்கைச் சட்டை, என்95 முகக்கவசம், திறந்தவெளி.

ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டை இந்த மெஷினால் வெட்டவே வெட்டாதீர்கள். எந்த வேகத்திலும் அதற்குப் பாதுகாப்பான வெட்டு கிடையாது.

எல்லாவற்றுக்கும் பொதுவான சில. பிட் மாற்றும்போது பிளக்கைக் கழற்றுங்கள். பிட்டின் தண்டை, அதைக் கவ்விப் பிடிக்கும் கோலட்டுக்குள் ஆழமாகச் செருகி இறுக்குங்கள். வெளியே நீண்டு நின்றால் வளைந்து துடிக்கும். புது டிஸ்க்கை முகத்துக்கு எதிரே பிடிக்காமல் அரை நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். வெட்டும் பொருளைக் கையில் பிடிக்காமல் வைஸிலோ கிளாம்ப்பிலோ மாட்டுங்கள். துணிக் கையுறை, துப்பட்டா, முந்தானை, அவிழ்ந்த கூந்தல் எதுவும் சுழலும் தண்டின் அருகே வரக் கூடாது. கையுறை இழுபட்டால் விரலும் சேர்ந்தே போகும்.

வெட்டும்போது காதையும் கவனத்தில் வையுங்கள். மெஷினின் சத்தம் கம்மினால் நீங்கள் அழுத்துகிறீர்கள். கையைத் தளர்த்துங்கள், வேகம் மீளும், வெட்டும் நேராகும். அதே பொருளின் கழிவுத்துண்டில் முதலில் குறைந்த வேகத்தில் வெட்டிப் பார்த்து, படிப்படியாகக் கூட்டுங்கள். சரியான வேகம் எதுவென்று அந்தத் துண்டே காட்டிவிடும்.

அடுத்த வாரம்: எந்தத் தூளுக்கு எந்த முகக்கவசம்?